ஐந்து வருடப் படிப்பும் நரைத்த மாணவர்களும்

நான் வேலை பார்க்கும் மனநல மையத்தில் சிகிச்சை வயதுவந்தவர்களுக்கு மட்டும்தான். நியூயார்க் மாநில உரிமம் பெற்ற ஆலோசகர் என்பதால், ஆலோசனைக்கு வருபவர்களைப் பார்ப்பதோடு பயிற்சி மாணவர்களை மேற்பார்வையிடும் பொறுப்பும் என் தலையில்தான். சில வருடங்களாக வரும் விண்ணப்பங்களைப் புரட்டினால் ஒரு மாற்றம் தெரிகிறது. இளநிலையையும் முதுநிலையையும் சேர்த்தே ஐந்து வருடத்தில் முடிக்கும் ஒருங்கிணைந்த படிப்பிலிருந்து வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களில் பேரக்குழந்தை பார்த்தவர்களும் உண்டு.

இந்தப் படிப்பின் கணக்கு எளிது. இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதாவது பாட அலகு. ஆலோசனைப் படிப்புகளுக்குத் தரச் சான்று தரும் அமெரிக்க அமைப்பான கேக்ரெப்பின் அங்கீகாரம் பெற்ற மனநல ஆலோசனை முதுநிலைக்குக் குறைந்தது 60. தனித்தனியாகப் படித்தால் 180 ஆகிறது. ஒருங்கிணைந்த படிப்பிலோ, இளநிலையின் கடைசிக் கட்டத்தில் எடுக்கும் சில முதுநிலைப் பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் ஏறும். 12 கிரெடிட் அப்படி ஏறினால் 168-இல் முடிந்துவிடும். பல இடங்களில் அந்தப் பாடங்களுக்கு இளநிலைக் கட்டணம்தான். உளவியலில் வெறும் இளநிலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் சிகிச்சை தர உரிமம் வாங்க முடியாது என்பதால், எப்படியும் முதுநிலை படிக்கப்போகிறவருக்கு இது லாபம்.

பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்ட திட்டம் இது. அவர்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தவில்லை, வேலை, கல்யாணம், கடன் எல்லாம் பார்த்துவிட்டு நாற்பதுக்கு மேல் திரும்பி வருகிறவர்களுக்குத்தான் பொருந்துகிறது என்பது என் கட்சி. சக மேற்பார்வையாளர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு பட்டங்களுக்கும் நடுவே ஓரிரண்டு வருடம் வெளியே போய் வேலை பார்த்துவிட்டு வரும் பழக்கம் இருந்தது. ஒருங்கிணைந்த படிப்பு மிச்சப்படுத்துவது அந்த இடைவெளியைத்தான். இளைஞருக்கு அது இழப்பு. ஐம்பதை நெருங்குகிறவருக்கு இழக்க அதில் ஒன்றுமில்லை, அந்த இடைவெளியை அவர் முன்பே வாழ்ந்து முடித்துவிட்டார்.

வித்தியாசம் ஒலிப்பதிவில் தெரியும். ஆலோசனைக்கு வருபவரின் எழுத்துச் சம்மதத்தோடு மாணவர்கள் அமர்வைப் பதிவு செய்வார்கள். வாராந்திர மேற்பார்வையில் இருவரும் உட்கார்ந்து கேட்போம். மனச்சோர்வை அளக்க நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பி.எச்.கியூ-9 படிவத்தில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ நினைப்பு வந்ததா என்ற கேள்வி. ஒரு பதிவில் இருபத்திரண்டு வயதுப் பெண் அந்த இடத்தில் குரலை உயர்த்தி, வேகமாகப் படித்தாள். எதிரே இருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, அப்பப்போ" என்கிற தொனியில் ஏதோ சொன்னார். அவள் 0 போட்டுவிட்டு, தூக்கம் எப்படி இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிட்டாள். 'அப்பப்போ' வந்தால் குறைந்தது 1, படிவத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அதைப் பற்றிக் கேட்க வேண்டும். அன்றைக்கே அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மறுநாள் வரவழைத்து, நெருக்கடி வந்தால் யாரை அழைப்பது, வீட்டில் எதை அப்புறப்படுத்துவது என்று பாதுகாப்புத் திட்டம் எழுதி முடித்தோம். அவள் மக்குப் பெண் இல்லை. வகுப்பில் முதல் மாணவி. அப்பா வயது மனிதரிடம் சாவைப் பற்றிக் கேட்கக் கூச்சம், அவ்வளவுதான்.

அதே பருவத்தில் கிடங்கு ஒன்றில் பல வருடம் இரவு ஷிப்ட் பார்த்த ஒருவரும் பயிற்சிக்கு வந்திருந்தார். அவருடைய பதிவில் இதே மாதிரி மழுப்பல் பதில் வந்தபோது, "அப்பப்போன்னா எப்போ? போன வாரம் வந்துச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். எதிரே இருந்தவர் தானாகவே எல்லாவற்றையும் சொன்னார். பாடப்புத்தகம் படித்து இந்த மௌனம் வருவதில்லை.

அவர் கதையும் அங்கேயே சுபமாக முடியவில்லை. பத்து நிமிடம் போனதும், "நானும் விவாகரத்து ஆனவன்தாங்க. நான் என்ன செஞ்சேன்னா..." என்று ஆரம்பித்துவிட்டார். வயதில் மூத்த மாணவர்களின் தீராத வியாதி இது. இளையவர்கள் படிவத்தின் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள், மூத்தவர்கள் புத்திமதி சொல்ல வந்துவிடுகிறார்கள். தன் கதையைச் சொல்வது தவறே என்று நான் சொல்ல மாட்டேன். பதிவை அந்த இடத்தில் நிறுத்தி, "இதை யாருக்காகச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்பேன். முதலில் கோபம் வரும். எத்தனை பேருக்குப் புத்தி சொல்லித் திருத்தியிருக்கிறோம், இவர் என்ன கேட்பது என்கிற முகம். ஆனாலும் சொல்கிற பழக்கத்தை விடவைப்பதுதான், கேட்கிற துணிச்சலை ஊட்டுவதைவிட எனக்குச் சுலபமாக இருக்கிறது. இது என் அனுபவம் மட்டுமே.

கட்டுரை எழுதுவது, மேற்கோள் குறிப்பது, அமர்வுக் குறிப்பைக் கணினியில் ஏற்றுவது எல்லாம் மூத்தவர்களை முதல் பருவத்தில் படுத்தும், பிறகு சரியாகிவிடும்.

சரியாகாதது நேரம். மாலை வகுப்பு, இணையவழி வகுப்பு என்று பாடங்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவருக்காக வளைந்து கொடுக்கும். களப்பயிற்சி வளையாது. கேக்ரெப் விதிப்படி முதலில் 100 மணி நேரம், அதில் 40 நேரடியாக ஆலோசனை தருவது. அதன்பின் 600 மணி நேரம், அதில் 240 நேரடி. பதினைந்து வாரப் பருவங்கள் இரண்டில் 600-ஐ முடிக்க வாரம் 20 மணி நேரம் வேண்டும். பெரும்பாலான இடங்களில் சம்பளம் கிடையாது. மையங்களோ பகலில்தான் திறந்திருக்கும், மாணவர் இருக்கும்போது மேற்பார்வையாளரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வாடகையும் காப்பீடும் பகல் வேலையை நம்பியிருக்கிற ஒருவர் என்ன செய்வார்? சேர்க்கை அலுவலகங்கள் இதை ஏன் கடைசி வரை வாயைத் திறந்து சொல்வதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். 150 கிரெடிட் தாண்டியபிறகு இந்தச் சுவரில் முட்டி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மையத்தில் மாலை நேர அமர்வுகளைத் தொடங்க வைக்க நான் போட்ட சண்டை தனிக் கதை. நிர்வாகம் இறங்கி வந்தது மாணவர்களுக்காக அல்ல, மாலையில் வர விரும்பும் நோயாளிகளின் காத்திருப்புப் பட்டியலுக்காக.

பட்டம் வாங்கினாலும் உடனே உரிமம் வந்துவிடாது. நியூயார்க்கில் மேற்பார்வையின் கீழ் 3,000 மணி நேரம் வேலை, அதில் 1,500 நேரடி, அதோடு சிகிச்சைச் சூழல்களை வைத்துக் கேட்கும் ஒரு தேர்வு. அந்தக் காலத்தில் சம்பளம் உண்டு, கொஞ்சமாக.

ஆனால் மூத்தவர்களுக்கு இப்போது ஒரு கதவு திறந்திருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் மனநல ஆலோசகர்களும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு நேரடியாகப் பில் அனுப்பலாம். அதுவரை 65 வயது தாண்டியவரை நாங்கள் வேறு வகை உரிமம் உள்ளவரிடம் அனுப்ப வேண்டியிருந்தது. உளவியலாளருக்குத் தருவதில் 75 சதவீதம்தான் எங்களுக்கு, அந்த அநியாயத்தை இன்னொரு நாள் பேசலாம். எழுபது வயதுக்காரர்கள் இப்போது எங்களிடமே வருகிறார்கள். அவர்களில் பலர், "கொஞ்சம் வயசானவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று வரவேற்பிலேயே கேட்டுவிடுகிறார்கள்.

இந்தப் படிப்பில் சேரலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் கேட்பது மூன்று விஷயம். பாடத்திட்டத்தை உங்கள் மாநில உரிம வாரியம் ஏற்கிறதா? 120 கிரெடிட் முடிந்ததும் இளநிலைப் பட்டம் கைக்கு வருமா, அல்லது இரண்டும் கடைசியில் சேர்ந்துதான் வருமா? நடுவில் நிற்க நேர்ந்தால் வெறுங்கையோடு நிற்கப்போவது நீங்கள். மாலையில் பயிற்சி தரும் மையங்களின் பட்டியல் கல்லூரியிடம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு, "அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.