வெளியே நின்ற புள்ளி

ஒரு புரதக் கட்டமைப்பின் சரிபார்ப்பு அறிக்கையை இன்று திறந்தேன். சங்கிலியிலுள்ள ஒவ்வோர் அமினோ அமிலமும் எந்த இரண்டு கோணங்களில் திரும்பியிருக்கிறது என்பதை ஒரு புள்ளியாகக் காட்டுவது ராமச்சந்திரன் வரைபடம். அதில் எல்லாப் புள்ளிகளும், அணுக்கள் இடித்துக்கொள்ளாத அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்க, ஒன்று மட்டும் வெளியே நின்றது.

சுட்டியை அதன்மேல் கொண்டுபோனேன். கிளைசின்.

சரி, அதற்கு விலக்கு உண்டு. பக்கவாட்டில் நீளும் கிளை, அதாவது பக்கச் சங்கிலி என்று அதற்கு இருப்பது ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. மற்ற அமினோ அமிலங்கள் இடித்துக்கொள்ளும் கோணத்தில்கூட இது திரும்பிவிடும். சங்கிலி சட்டென்று வளையும் இடங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

அறிவியலாளர் ஜி. என். ராமச்சந்திரன் இந்த வரைபடத்துக்கு வந்து சேர்ந்த வழிதான் எனக்குப் பிடித்தது.

1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் என்ற புரதத்துக்கு, மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட முப்புரிச் சுருள் வடிவத்தை முன்வைத்தார். அதில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி இருக்கின்றன என்று அறிவியலாளர்கள் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள். வேறொருவராக இருந்தால் மறுப்புக்கு மறுப்பு எழுதியே காலத்தை ஓட்டியிருப்பார். இவரோ, அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று தேடப் போய்விட்டார்.

1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் வெளியிட்ட இந்த வரைபடம் அந்தத் தேடலின் பலன். இரண்டே கோணங்கள், ஒரு சதுரம்.

இப்போது கணினியே புரதத்தின் வடிவத்தைக் கணித்துத் தந்துவிடுகிறது. அப்புறம் அதையும் இந்தச் சதுரத்தில் போட்டுத்தான் பார்க்கிறோம்.