புல்லணையில் ஒரு ராத்திரி

உப்பூர் பிள்ளையாருக்குத் தலைக்கு மேலே கூரை கிடையாது. வெயிலுகந்த விநாயகர் என்று பேர். பேருக்கேற்ற மாதிரி காலை எட்டு மணி வெயிலில், மேனியெல்லாம் எண்ணெய் மின்ன உட்கார்ந்திருந்தார். இலங்கைக்குக் கிளம்பும் முன் ராமர் முதலில் வந்து கும்பிட்டது இவரைத்தான் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அம்மா தேங்காயை என் கையில் கொடுத்தாள். "நீயே உடை தம்பி. வண்டி ஓட்டப் போறது நீதானே."

தேவகோட்டையிலிருந்து இருட்டோடு கிளம்பி, திருவாடானை, தொண்டி வழியாக வந்திருந்தோம். ராமர் போன தடம் என்றால் அயோத்தி, சித்திரகூடம், நாசிக், ஹம்பி என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும். அதன் தெற்குக் கடைசித் துண்டு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஆரம்பிக்கிறது. பக்கத்தில் இருப்பதாலேயே ஒழுங்காகப் போனதில்லை. ராமேஸ்வரத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஆனால் நேரே போய், தீர்த்தமாடி, நேரே திரும்பியதுதான். இந்த மாசியில் அம்மா ஒரே பிடியாக நின்றாள். "ராமர் போன வரிசையிலே போகணும். பிள்ளையார்லேருந்து ஆரம்பிக்கணும்."

அடுத்தது தேவிபட்டினம். கரையிலிருந்து நடைபாதையில் கடலுக்குள் நடந்தால், நடுவில் நவபாஷாணம். ஒன்பது கற்கள். சிற்பம் என்று சொல்ல முடியாது. ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து, பாசி படிந்து, இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன. ராமரே கைப்பட நட்டு நவக்கிரகங்களாக வணங்கினார் என்று ஐதிகம். நாங்கள் போனபோது தண்ணீர் இறங்கியிருந்ததால் ஒன்பதும் தெரிந்தன. ஏற்றத்தில் சில முங்கிவிடுமாம். பாசியில் ஒட்டியிருந்த நவதானியத்தைச் சின்னச் சின்ன மீன்கள் வந்து கொத்திக்கொண்டிருந்தன. இதில் எது சனி என்று தண்ணீரில் நின்ற ஒருவரிடம் கேட்டேன். அவர் ஒரு கல்லைக் காட்ட, பக்கத்தில் நின்றவர் "அது ராகுங்க" என்றார். அம்மா இருவரையும் கண்டுகொள்ளவில்லை. ஒன்பதுக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

அங்கே அலையே இல்லை என்பதைக் கரையேறிய பிறகுதான் கவனித்தேன். பூஜை முடியும் வரை ஓய்ந்திருக்கச் சொன்னாராம் ராமர், அன்றைக்கு ஓய்ந்த கடல்தானாம். கரையில் இருக்கும் பெருமாளுக்கே கடலடைத்த பெருமாள் என்றுதான் பேர்.

ராமநாதபுரத்தைத் தாண்டித் தெற்கே பத்து கிலோமீட்டர் போனால் திருப்புல்லாணி. இந்தப் பயணத்தில் எனக்கு ராமேஸ்வரத்தைவிடப் பெரிய ஊர் இதுதான்.

108 திவ்ய தேசங்களில் ஒன்று. மூலவர் ஆதி ஜெகந்நாதப் பெருமாள். திருமங்கையாழ்வார் இந்த ஊருக்கு 20 பாசுரம் பாடியிருக்கிறார். இருபதும், பிரிந்துபோன நாயகனை நினைத்து நைந்துபோகும் பெண்ணின் குரலில். ஆனால் கூட்டம் தேடிப் போவது உள்ளே இருக்கும் தர்ப்பசயன ராமர் சன்னதியைத்தான். பெருமாள் படுத்திருப்பது நமக்குப் புதிதில்லை. ஸ்ரீரங்கத்தில் பாம்பணையில் அரசனைப் போலப் படுத்திருப்பார். ராமர் படுத்திருப்பதைத்தான் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. தர்ப்பைப் புல் விரித்து, பக்கத்தில் சீதை இல்லாமல், கடலரசனிடம் வழி கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.

மூன்று ராத்திரி அப்படிக் கிடந்தார் என்கிறார் வால்மீகி. கடல் பதில் பேசவில்லை. அதற்கப்புறம்தான் கோபம், வில், அம்பு எல்லாம். கதை சொல்பவர்கள் அந்த அம்பு விடும் இடத்துக்குத் தாவிவிடுவார்கள். நானும் சின்ன வயதில் அதற்காகத்தான் காத்திருப்பேன். சன்னதியில் நிற்கும்போதுதான் அந்த மூன்று ராத்திரியின் நீளம் உறைத்தது. கூடவே படை, கையில் வில், எதிர்க்கரையில் மனைவி. அப்படியிருந்தும் முதலில் செய்தது, புல்லைப் போட்டுப் படுத்துக் கேட்டது. புல் அணைதான் புல்லாணி ஆயிற்று என்று ஊர்ப் பெயருக்கும் காரணம் சொல்கிறார்கள்.

பிள்ளையில்லாத தசரதர் வந்து வேண்டிக்கொண்டதும் இதே தலத்தில்தான் என்கிறது தலபுராணம். அப்பா பிள்ளை கேட்ட இடத்தில் பிள்ளை வழி கேட்டிருக்கிறது. அதனால் குழந்தை வேண்டுபவர்கள் சேதுக்கரையில் முழுக்குப் போட்டுவிட்டு வந்து, ராத்திரி கோயிலில் தங்கி, மறுநாள் நாகப் பிரதிஷ்டை முன் வேண்டிக்கொண்டு, பிரசாதமாகப் பால் பாயசம் வாங்கிச் சாப்பிடுவார்கள். 1983-ல் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். கல்யாணமாகி நான்கு வருஷம் முடிந்திருந்தது. அந்தப் பாயசத்துக்குப் பிறந்தவன்தான் நான். வீட்டில் பாயசம் வைக்கும்போதெல்லாம் காதில் விழும் கதை.

படுத்த இடத்தை அம்மா இந்த முறை தேடினாள். "ஒரு தூண் ஓரமாத்தான் படுத்தோம். கல் அவ்வளவு சில்லுன்னு இருந்துச்சு." மண்டபத்தில் தூணுக்கா பஞ்சம்? ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, இதுவா, இல்லை அதுவா என்று நடந்துகொண்டிருந்தாள். அதற்குள் நடை சாத்தும் நேரம் வந்துவிட்டது. வெளியே வரும்போது சொன்னாள். "ராமருக்கு மூணு ராத்திரி. எனக்கு ஒரு ராத்திரிதான். ஆனா அன்னிக்கு எனக்கும் தூக்கம் வரல."

சேதுக்கரை அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர். கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர் நிற்கிறார். பார்வை முழுக்க இலங்கைப் பக்கம். ஆடி, தை அமாவாசைகளில் நிற்க இடம் இருக்காது, அன்றைக்கு இருபது பேர்கூட இல்லை. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அம்மா சற்றுத் தள்ளி, ஆஞ்சநேயர் பார்க்கும் திசையிலேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாம்பன் வந்ததும் பேச்சு ரயிலுக்குப் போய்விட்டது. 1983-ல் ரோட்டுப் பாலம் இல்லை, அது 1988-ல்தான் வந்தது. தீவுக்குள் நுழைய 1914-ல் கட்டிய ரயில் பாலம் ஒன்றுதான் வழி. ஜன்னலுக்குக் கீழே வெறும் தண்ணீர் ஓட, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டாளாம். இப்போது பக்கத்தில் புதிய ரயில் பாலம், 2025 ராமநவமி அன்று திறந்தது. தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தத்தையும் எட்டிப் பார்த்தோம். சீதையின் தாகத்துக்காக ராமர் வில்லை ஊன்றிய இடம். சுற்றிலும் கடல், நடுவில் ஒரு கிணறு. அதில் மொண்ட தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை.

மறுநாள் ராமேஸ்வரம். விடியற்காலையில் ஸ்படிக லிங்க தரிசனம், அப்புறம் அக்னி தீர்த்தம், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். வாசலில் ஒருவர் "தனியாக் கூட்டிட்டுப் போறேன், க்யூவே வேண்டாம்" என்று பணம் பேசி வாங்கினார். ஐந்தாவது கிணற்றில் ஆளைக் காணோம். போகட்டும்.

எத்தனையோ முறை நனைந்திருக்கிறேன், ஆனால் கிணற்றுப் பெயர்களை இந்த முறைதான் நிதானமாகப் படித்தேன். மகாலட்சுமி, சாவித்திரி, காயத்திரி, சரஸ்வதி என்று தொடங்கி, நடுவில் கந்தமாதனம், கவாட்சம், கவயம், நளம், நீலம். ஐந்தும் வானரங்களின் பெயர்கள்! கவயனும் கவாட்சனும் ராமாயணத்தில் படைத்தலைவர் பட்டியலில் வந்து போகிறவர்கள். நம்மில் எத்தனை பேருக்கு அவர்களைத் தெரியும்? இங்கே கங்கைக்கும் யமுனைக்கும் சமமாக ஆளுக்கொரு கிணறு. கிணற்று விளிம்பில் கால் அகட்டி நின்றவர் வாளியை இறக்கி, ஒரே வீச்சில் இழுத்து, தலையில் கவிழ்த்தார். நள தீர்த்தம் என் மேல் விழும்போது, இலங்கைக்கு நளன் கட்டிய பாலத்தின் கணக்கு நினைவுக்கு வந்தது. வால்மீகி கொடுத்திருக்கும் கணக்கு: முதல் நாள் 14 யோசனை (அந்தக் காலத்துத் தூர அளவு), அப்புறம் 20, 21, 22, 23. ஐந்து நாளில் நூறு. நாளாக ஆக வேகம் கூடியிருக்கிறது. கட்டட வேலை பார்த்த யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். நம் வீட்டு வேலை நாளாக ஆகக் குறைந்துகொண்டுதானே போகும்!

ஈர உடையோடு மூலவரிடம் போகக்கூடாது. மாற்றிக்கொண்டு வந்து ராமநாதரைக் கும்பிட்டோம். அதற்கு முன் அனுமன் கைலாசத்திலிருந்து கொண்டுவந்த விஸ்வலிங்கம். அவர் வருவதற்குள் நேரமாகிவிட்டதால் சீதை மணலைப் பிடித்து வைத்ததுதான் ராமநாதர். வருத்தப்பட்ட அனுமனைச் சமாதானப்படுத்த, முதல் பூஜை அவர் கொண்டுவந்த லிங்கத்துக்கே என்று ராமர் சொல்லிவிட்டாராம், இன்றும் அப்படித்தான் நடக்கிறது. 1212 தூண் உள்ள மூன்றாம் பிரகாரத்தில் நடக்கும்போது அம்மா நின்றாள். "வரிசைப்படி பார்த்தா இது திரும்பி வரும்போதுதானே வரணும்?" உண்மைதான். லிங்கம் வைத்தது போர் முடிந்து, சீதையோடு திரும்பும்போது. போகும் வழியும் வரும் வழியும் இந்தத் தீவில் ஒரே மணலில் கலந்து கிடக்கின்றன.

தனுஷ்கோடி போகும் வழியில் கோதண்டராமர் கோயில். விபீஷணன் சரணடைந்த இடம். குகனோடு ஐவரானோம், சுக்ரீவனோடு அறுவரானோம், உன்னோடு எழுவரானோம் என்று கம்பர் ராமரைச் சொல்லவைத்தது இந்தச் சரணாகதிக்குத்தான். ஆனியில் நடக்கும் ராமலிங்கப் பிரதிஷ்டை விழாவில் விபீஷண பட்டாபிஷேகத்தை இங்கே வந்துதான் நடத்துகிறார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊரே போனது, ரயிலோடு ஆட்களும் போனார்கள். இந்தக் கோயில் நின்றது.

அரிச்சல்முனையில் சாலை முடிகிறது. தலைமன்னார் இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அகநானூற்றில் 70-ஆம் பாட்டில் இந்தத் தனுஷ்கோடிக் கரை வருகிறது. கரையில் ஓர் ஆலமரம், அடியில் ராமர் மறைவான ஆலோசனையில் இருக்கிறார், மரத்துப் பறவைகள் இரைகின்றன, அவற்றை அவர் அடக்குகிறார். காதலர்களைப் பற்றிய ஊரின் அலர்ப் பேச்சு, அதாவது வம்புப் பேச்சு, அடங்கியதற்கு உவமையாகப் புலவர் அதைச் சொல்கிறார். வால்மீகியில் இந்தக் காட்சி இல்லை. இன்றைக்கு அங்கே ஆலமரமும் இல்லை. இருந்தாலும் அந்தக் காற்றில் பறவைச் சத்தம் கேட்டிருக்காது. அம்மா பக்கத்தில் நின்று பேசியதே எனக்குக் கேட்கவில்லை. காதருகே வந்து கத்தினாள். "பட்டாபிராமரைப் பாக்கலையேடா!"

திருப்புல்லாணியில் பட்டாபிராமருக்கும் தனிச் சன்னதி உண்டு. முதல் நாள் தூண் தேடியதில் விட்டுப்போயிருந்தது. அவரைப் பார்க்க வேண்டியதும் திரும்பும்போதுதானே என்று காரைத் திருப்பினேன்.

மாலை நடை திறந்திருந்தது. பட்டாபிராமர் சீதையோடும் லட்சுமணனோடும் நிற்கிறார். அம்மா வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. தீபாராதனை முடிந்து, துளசியை வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள், மண்டபத்தில் எதையோ மோப்பம் பிடித்தவள்போல நேராக நடந்தாள். ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, உள்ளங்கையால் தரையைத் தடவினாள்.

"இதான் தம்பி. நான் இங்கே. அப்பா அந்தப் பக்கம்."

அந்தப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கல் சில்லென்றுதான் இருந்தது.