காற்றுல நிக்கிற படகு

இன்னைக்குக் காலையில நல்ல காற்று. மீன் பிடிக்கறப்போ படகை மெதுவா நகர்த்துற சின்ன மின்மோட்டார், அதான் டிரோலிங் மோட்டார், அதைப் போன வாரம் வரைக்கும் பின்பக்கம்தான் மாட்டியிருந்தேன். காற்று அணியத்தை, அதாவது படகோட முன்முனையை, தள்ளத் தள்ளப் படகு சுத்திக்கிட்டே இருக்கும். இப்போ முன்பக்கம் மாத்தியாச்சு. பின்னாலிருந்து தள்ளுறதுக்கும் முன்னாலிருந்து இழுக்கறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்! அணியம் காற்றைப் பார்த்தே நிக்குது, மிச்சப் படகு தானா பின்னால வந்துடுது.

படகு விலகின பிறகு மோட்டாரை முறுக்குறதைவிட, குறைந்த வேகத்துல விடாம ஓட்டுறதுதான் சரின்னு இன்னைக்குப் புரிஞ்சுது. 12 வோல்ட் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்குது.

அலையில அணியம் எழும்பினப்போ மோட்டார் விசிறி தண்ணிக்கு மேல வந்து விர்ருனு கத்துச்சு. மோட்டாரைத் தாங்குற தண்டை ஒரு சாண் கீழே இறக்கினேன், அடங்கிடுச்சு. அப்புறம் தூண்டில் நூல் நேரா, செங்குத்தா இறங்குச்சு பாருங்க, மனசு நிறைஞ்சு போச்சு.