ஒரே இன்னிங்ஸில் இரண்டு கிராண்ட் ஸ்லாம்: கையால் எழுதிப் பார்த்த ஸ்கோர்ஷீட்

பழைய பேஸ்பால் ஆட்டங்களின் விவரத்தை இணையத்தில் எடுத்து, ஸ்கோர்ஷீட்டில் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். சாதனைப் பட்டியலை வெறுமனே படித்தால் எனக்கு மனதில் ஒட்டுவதில்லை.

முதலில் எடுத்தது 1999 ஏப்ரல் 23, லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியம். கார்டினல்ஸ் அணியின் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் மூன்றாவது இன்னிங்ஸில் இரண்டு கிராண்ட் ஸ்லாம் அடித்த ஆட்டம். மூன்று பேஸிலும் ஆள் நிற்க ஒரு ஹோம் ரன் என்றால் நாலு ரன். ஆக, ஒரே இன்னிங்ஸில் எட்டு. அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் வேறு யாரும் செய்ததில்லை. இரண்டு முறையும் வீசியவர் டாட்ஜர்ஸ் அணியின் சான் ஹோ பார்க்தான். அதுவரை அவரை மாற்றாமல் விட்டுவைத்தார்களே, அதுதான் எனக்கு விளங்கவே இல்லை.

ஷீட்டில் ஒரு இன்னிங்ஸுக்கு ஒரு பத்திதான் உண்டு. அந்த மூன்றாவது இன்னிங்ஸிலேயே ஒன்பது பேரும் ஒரு சுற்று வந்துவிட்டதால், நான்காம் பத்தியின் தலையில் இருந்த 4-ஐ அடித்துவிட்டு 3 என்று எழுதினேன். டாட்டிஸின் வரிசையில், ரன் எடுத்ததற்கு அடையாளமாக, இரண்டு கட்டமும் பக்கத்துப் பக்கத்தில் முழுசாகக் கறுத்துக் கிடக்கின்றன. அதற்கு நேர் மேலே, இரண்டாம் சுற்றில் மார்க் மெக்வயர் கேட்ச் கொடுத்து அவுட். முந்தைய வருடம் 70 ஹோம் ரன் அடித்த மனுஷன்! அவர் அங்கே ஒன்று தூக்கியிருந்தால் டாட்டிஸுக்குப் பேஸ்கள் காலி.

அடுத்தது 1941 ஜூலை 17, கிளீவ்லாந்து. தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் (பந்தை அடித்து, அவுட் ஆகாமல் பேஸை எட்டுவது) எடுத்த யாங்கீஸ் வீரர் ஜோ டிமாஜியோவின் அந்தத் தொடர்ச்சி நின்ற இரவு. அவர் வரிசையில் 5-3, வாக் (நாலு மோசமான பந்துக்கு இலவசமாக முதல் பேஸ்), 5-3, கடைசியில் 6-4-3 டபுள் பிளே (ஒரே அடியில் இரண்டு அவுட்). எண்கள், பந்து கைமாறிய ஃபீல்டர்களின் இடங்கள்; 3 என்பது முதல் பேஸ். அந்த 5, மூன்றாம் பேஸில் நின்ற கென் கெல்ட்னர். இரண்டு முறையும் அவரே மறித்தார்.

கால்குலேட்டரிலும் தட்டிப் பார்த்தேன். அந்த சீசனில் டிமாஜியோவின் சராசரி .357, அதாவது ஆயிரம் அட்-பேட்டுக்கு (சராசரிக் கணக்கில் சேரும் அடிக்கும் முறை) 357 ஹிட். ஆட்டத்துக்கு நாலு அட்-பேட் என்று வைத்தால், குறிப்பிட்ட 56 ஆட்டங்களில் விடாமல் ஹிட் விழ, தோராயமாக 36,000-இல் ஒரு வாய்ப்பு. தோராயம்தான், எல்லாப் பிட்சரும் ஒரே தரமா என்ன?

இனி அதே வருடம் செப்டம்பர் 28, பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ். சராசரி .39955-இல் இருக்க, ஆடாமல் உட்கார்ந்திருந்தாலே முழுமையாக்கி .400 ஆகியிருக்கும். ஆனாலும் அன்றைய இரண்டு ஆட்டமும் ஆடி, எட்டு அட்-பேட்டுக்கு ஆறு ஹிட் அடித்து .406-இல் முடித்தார். அப்போது சாக்ரிஃபைஸ் ஃபிளையும் (கேட்சில் அவுட் ஆனாலும் பேஸில் நின்றவரை ரன் எடுக்க வைக்கும் அடி) அட்-பேட் கணக்கில் சேரும். அதற்குத் தனிக் குறி ஒன்று முடிவு செய்துவிட்டுத்தான் பென்சிலைத் தொட வேண்டும்.