ஊசி போட்டாச்சு, எப்பங்க ஓட்டலாம்?

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தை நெருங்க நெருங்க, குதிரைக் கால் பார்க்கச் சொல்லி போன் வருவது கூடிவிடும். "நரம்பு பெரண்டுக்கிச்சுங்க டாக்டர்" என்பார்கள். போய்ப் பார்த்தால் முன்னங்கால் முட்டிக்குக் கீழே பின்பக்கம் வில் மாதிரி புடைத்திருக்கும்.

அது நரம்பல்ல, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண். நாலுகால் பாய்ச்சலில் அது அறுந்துபோகும் எல்லைவரை இழுபடுகிறது; உள்ளே சூடு 45 டிகிரியைத் தொடும். ரத்த ஓட்டமும் அங்கே குறைவு. அதனால் காயம் தழும்பாகத்தான் ஆறும். பழைய துள்ளல் அதில் இருக்காது, மறுபடி கிழியும்.

அடிபட்ட அன்றே ஸ்கேன் செய்தால் காயம் சிறிதாகத் தெரிந்து ஏமாற்றும். ஒரு வாரம் கழித்துப் பார்ப்பேன். நடுவில் கறுப்பாக ஓட்டை தெரிந்தால் பி.ஆர்.பி.க்கு, அதாவது குதிரையின் சொந்த ரத்தத்திலிருந்தே தயாரிக்கும் ஊசிக்கு, ஏற்ற கேஸ். அதன் கழுத்தில் ரத்தம் எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து, ஸ்கேனில் பார்த்தபடியே ஓட்டைக்குள் செலுத்த வேண்டும். ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசி என்றால் எலும்பு மஜ்ஜை எடுத்து ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும். செலவைக் கேட்டதும் பலர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஊசி போட்டுக் கை கழுவுவதற்குள் கேள்வி வரும்: "அப்ப ஆடி நோம்பிக்கு ஓட்டலாமுங்களா?" அடுத்த ஆடிக்கு என்பேன். முகம் சுருங்கும்.

உண்மையான வேலையே அப்புறம்தான். முதலில் கொட்டகை ஓய்வு, பிறகு கையில் பிடித்துப் பத்து நிமிட நடை, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பழையபடி ஓட 9 முதல் 12 மாதம். சும்மா நிற்கிற குதிரைக்குக் கொள்ளு வைத்தால் கட்டுத்தறியிலேயே குதிக்கும். முதலில் கொள்ளைக் குறைக்கச் சொல்வேன். இதையெல்லாம் முதலாளியிடம் சொல்லிப் பயனில்லை, குதிரையைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் மாதம் நொண்டல் நின்றுவிடும், ஸ்கேனில் காயம் அப்படியே இருக்கும். நான் பயப்படுவது அந்தக் கட்டத்துக்குத்தான்.

பி.ஆர்.பி. பற்றிய ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்வதில்லை. தயாரிக்கும் முறைக்கு ஏற்ப தட்டணு அளவே மாறுகிறது. என் கணக்கில் பாதிப் பலன், காசு செலவழித்தவர் குதிரையை ஓட்டத் தயங்குவதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் சூடு போட்டுவிட்டு மாதக்கணக்கில் காட்டில் மேய விட்டார்களே, அதிலும் குணமாக்கியது ஓய்வுதான் என்று நினைக்கிறேன். இன்றும் சூடு போடுகிறார்கள். தோல் தடித்துப்போனால் ஸ்கேன் தெளிவாக விழாது, அதனால் போனிலேயே முதலில், "சூடு ஏதும் போட்டீங்களா?" என்று கேட்டுவிடுவேன்.