பிளவு பிள்ளைக்கு, எக்ஸ்ரே எங்களுக்கு

பையனுக்கு அண்ணப் பிளவு (பிறவியிலேயே மேல்வாய் பிளந்திருப்பது) ஆபரேஷன் முடிந்து பல் மருத்துவக் கல்லூரிக்குக் காட்டப் போனபோது, "அடுத்த தடவை அப்பா, அம்மா ரெண்டு பேரும் வாங்க" என்றார்கள். பிளவோடு பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்கு முக எலும்பு எப்படி இருக்கிறது என்று ஆய்வு செய்கிறார்களாம். "எனக்கு எதுக்கு?" என்றார் கணவர். கிரகணத்தன்று வெளியே போனாயா, கத்தியைத் தொட்டாயா என்ற விசாரணையெல்லாம் அதுவரை என்னிடம் மட்டும்தான் நடந்தது. விடாமல் கூட்டிப் போனேன்.

முதலில் கேள்விகள். சொந்தத்தில் கல்யாணமா, இரண்டு வீட்டிலும் யாருக்காவது பிளவு உண்டா, கர்ப்பத்தின்போது வலிப்பு மாத்திரை சாப்பிட்டேனா. அப்புறம் டாக்டரம்மா டார்ச் அடித்து, உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருக்கிறதா, கீழுதட்டில் சின்னக் குழிகள் உண்டா என்று இருவருக்கும் பார்த்தார். அந்தக் குழி வான் டெர் வூட் என்ற பரம்பரைக் குறைபாட்டின் அடையாளமாம். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்களுக்கு இல்லை.

எக்ஸ்ரேவுக்குத் தோடு, செயின், ஹேர்பின் எல்லாம் கழற்ற வேண்டும். மூக்குத்தித் திருகுதான் படுத்திவிட்டது, வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்றும் கேட்பார்கள். தலை அசையாமலிருக்க இரண்டு காதுத் துளையிலும் முனை வைத்துப் பிடிக்கும் கருவி, கொஞ்சம் அழுத்தும். கடைவாய்ப் பல்லைச் சேர்த்துக் கடித்து, உதட்டைத் தளர்த்தி, எச்சில் விழுங்காமல் சில நொடி நிற்க வேண்டும்.

பக்கவாட்டுப் படத்தில் புள்ளிகள் வைத்துக் கோணம் அளந்தார்கள். மண்டையின் அடிப்பகுதிக்கு மேல்தாடை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று காட்டும் கோணம் ஒன்று. பாடப்புத்தகக் கணக்கு 82 பாகை. கணவருக்கு அதைவிடக் குறைவு. அவர் முகம் வாடியதைப் பார்த்து டாக்டரம்மா சிரித்தார். பிளவே இல்லாத குடும்பங்களிலும் இப்படி நிறையப் பேர் உண்டாம். 1970-லேயே ஃப்ரேசர், பஷாயன் என்ற இருவர் இதுபோல பெற்றோரின் முகத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். பலரை ஒன்றாக வைத்துச் சராசரி பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒருவர் படத்தை வைத்து "இவரால்தான்" என்று சொல்ல முடியாது.

அடுத்த குழந்தைக்கும் வருமா என்று கேட்டேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு என்றார். கருத்தரிப்பதற்கு முன்பே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் இதையெல்லாம் கணவரையே சொல்ல வைத்தேன்.