3½ அங்குல எஞ்சினுக்குச் செய்த கருவிகளை 5 அங்குல எஞ்சினுக்குப் பயன்படுத்திப் பார்த்தது

5 அங்குல கேஜில் (தண்டவாள இடைவெளி 127 மி.மீ.) ஓடும் ஒரு சிறு மாதிரி ரயில் எஞ்சின் வேலை தொடங்கியாயிற்று: நான்கு இயக்கச் சக்கரங்கள் மட்டும் உள்ள 0-4-0 டேங்க் எஞ்சின், அதாவது தண்ணீரைத் தானே சுமக்கும் வகை. முன்பு 3½ அங்குல கேஜில் (89 மி.மீ.) நீராவி எஞ்சின் கட்டியபோது கையால் செய்த ஜிக் (பாகத்தைச் சரியான நிலையில் பிடிக்கும் சட்டம்), டி-பிட் (பாதி வட்டமாக இழைத்த துளைக்கருவி), ரிவெட் ஸ்னாப் (ரிவெட் தலையை உருண்டையாக்கும் கருவி), பாய்லர் தகடு மடிக்கும் கட்டை எல்லாம் எண்ணெய் தடவிப் பெட்டியில் இருந்தன. புதிதாக எதையும் செய்யும் முன் ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்தோம். கையால் செய்த கருவியில் ஏதாவது ஒரு பிழை நிலையாக இருக்கும். சில வேலைகளில் அது எல்லாப் பாகத்திலும் ஒரே அளவாக விழுவதால் தொந்தரவு இல்லை. சிலவற்றில் நேராக வேலைக்குள் ஏறிவிடும். இதைப் பிரித்துப் பார்த்தாலே எதைத் திருத்துவது, எதை அப்படியே விடுவது என்பது தெரிந்துவிடும்.

முதலில் கிராங்க் ஜிக். ஓர் அச்சின் இரு சக்கரங்களிலும் உள்ள கிராங்க் பின்கள் (ராட் மாட்டும் முளைகள்) ஒன்றுக்கொன்று 90° இருக்க வேண்டும். எங்கள் ஜிக்கில் அச்சு இரண்டு 90° வி-பிளாக்குகளில் (V வடிவப் பள்ளமுள்ள தாங்கிகளில்) உட்காரும். ஒரு பக்கத்துப் பின், கிடையான தூணின் தலையில் படுத்திருக்கும். மறுபக்கத்துப் பின், நிமிர்ந்த தூணின் முகத்தை ஒட்டி நிற்கும். இந்த அமைப்பில் கிராங்கின் நீளம் கணக்கில் வராது. அச்சின் விட்டமும் பின்னின் விட்டமும்தான் வரும்.

பழைய அச்சு 9.52 மி.மீ., பின் 6.35. புதிய அச்சு 12.70, பின் 7.94. 90° வி-பிளாக்கில் அச்சின் மையம் விட்ட வித்தியாசத்தில் 0.707 பங்கு உயரும்: 3.18 × 0.707 = 2.25 மி.மீ. பின்னின் ஆரம் 0.79 கூடியிருக்கிறது. ஆகவே கிடைத் தூணின் தலையில் 2.25 − 0.79 = 1.46 மி.மீ. ஷிம் (இடை வைக்கும் மெல்லிய தகடு) வைத்தால் போதும். நிமிர்ந்த தூணில் நிலைமை நேர்மாறு. முகம் மையத்திலிருந்து 0.79 மி.மீ. விலக வேண்டும்; ஷிம் வைத்தால் இன்னும் நெருங்கும். அந்த முகத்தை அரத்தால் இழைத்துத்தான் ஆக வேண்டும்.

அதை இழைக்காமலே விட்டால்? 20 மி.மீ. கிராங்குக்கு 0.79 மி.மீ. தவறு என்பது ஏறக்குறைய 2.3°. இரண்டு அச்சிலும் அதே 2.3° இருந்தால் இரு அச்சுச் சக்கரங்களையும் இணைக்கும் கப்ளிங் ராட் இறுகாது, எஞ்சின் ஓடும்; புகைபோக்கியின் வெடிப்பொலி மட்டும் சற்றுச் சமமில்லாமல் கேட்கும். ஓர் அச்சு சரியான 90° ஆகவும் மற்றது 89.5° ஆகவும் இருந்தால்தான் வம்பு: ராட் ஒவ்வொரு சுற்றிலும் பிடிக்கும், துளையை அகலமாக்கித் தளர்த்தினால்தான் சுழலும். ஆகவே ஓர் எஞ்சினின் எல்லா அச்சையும் ஒரே ஜிக்கில், ஒரே ஷிம்மோடு, நடுவில் போல்ட்டைத் தொடாமல் முடிக்க வேண்டும். பின்கள் தூணுக்கு எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதும் மாறக் கூடாது. மாறினால் ஓர் அச்சில் வலது கிராங்க் முந்தும், மற்றதில் இடது முந்தும்; ராட் ஏறவே ஏறாது.

சக்கரத்தை அச்சில் லாக்டைட் 638 என்ற உலோகப் பசை கொண்டு ஒட்டினோம். விட்டத்தில் 0.05 மி.மீ. இடைவெளி, இரு பரப்பையும் அசிட்டோனால் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் செய்தது. இரும்பில் இது சில நிமிடங்களிலேயே பிடித்துக்கொள்ளும். பசை தொடாமல் ஒருமுறை முழுதும் பொருத்திப் பார்த்து, பிறகுதான் புட்டியைத் திறக்க வேண்டும்.

டி-பிட்கள் நேராக வேலைக்கு வந்தன. கிளாக் வால்வில் (பாய்லருக்குள் போகும் தண்ணீரைத் திரும்ப விடாத ஒருவழி வால்வில்) பந்து உட்காரும் தட்டையான அடித்தளத்துக்கு இதைவிட நல்ல கருவி இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. பார்க்க வேண்டியது தட்டை முகத்தின் கனம்: 6 மி.மீ. பிட்டில் 3.00 முதல் 3.05 வரை. பாதிக்குக் கீழே போயிருந்தால் துளைக்குள் தாங்கல் இல்லாமல் அதிரும். அதைக் குறைந்த விட்டத்துக்குக் கடைந்து வேறு பிட்டாக்கிக்கொள்ளலாம். மழுங்கியதைத் தீட்டும்போது நுனி முகத்தை மட்டும் தீட்ட வேண்டும். தட்டை முகத்தில் கல் வைத்தால் கனம் குறைந்துகொண்டே போகும்.

பாய்லர் தகடு மடிக்கும் எஃகுக் கட்டை, பிழை நேராக ஏறும் வகை. பழைய பாய்லர் குழாய் வெளிவிட்டம் 102, சுவர் 2.5 மி.மீ., தகடும் 2.5. கட்டை 91.8 இருந்தது: உள்விட்டம் 97, அதில் இருபுறத் தகட்டுக்கு 5, வெள்ளிப் பற்று (தகட்டைக் குழாயோடு இணைக்க உருக்கி விடும் வெள்ளிக் கலவை) ஓட 0.2 கழிவு. புதிய குழாயும் 102தான், ஆனால் சுவரும் தகடும் 3 மி.மீ. உள்விட்டம் 96, கழித்தால் 89.8. குழாயின் வெளிவிட்டம் ஒன்றாக இருக்கிறதே என்று பழைய கட்டையிலேயே மடித்தால் தகடு குழாய்க்குள் நுழையாது. லேத்தில் ஏற்றி விட்டத்தில் 2 மி.மீ. கடைந்து, விளிம்பு வளைவைத் திரும்ப உருட்டிவிட்டோம்.

செம்புத் தகட்டை மங்கிய சிவப்பு வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகும். எஃகைப் போல இறுகாது. மரச்சுத்தியால் சுற்றிலும் சிறுகச் சிறுக மடித்து வர வேண்டும். சுத்தி துள்ளத் தொடங்கி ஒலி மாறினால் நிறுத்திவிட்டு மறுபடி காய்ச்ச வேண்டும். இறுகிய செம்பை அடித்தால் வளைவில் வெடிப்பு விழும்.

ரிவெட் ஸ்னாப்பில் கிண்ணத்தின் விளிம்பு தேய்ந்து, தகட்டில் வளையம் பதித்தது. சில்வர் ஸ்டீல் (காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகும் கார்பன் எஃகு) என்பதால் சரிசெய்ய முடிந்தது. ஏற்கெனவே தோய்ச்சல் கொடுத்ததை நேரடியாக மறுபடி தோய்த்தால் விரிசல் விடலாம். முதலில் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டு, முகத்தைக் கடைந்து, உருண்டை முனைக் கட்டரால் கிண்ணத்தை ஆழப்படுத்தினோம். பிறகு செர்ரிச் சிவப்பில் தண்ணீரில் தோய்த்தது. காந்தம் ஒட்டாமல் போவது ஏறக்குறைய 770° செல்சியஸில். அதைத் தாண்டியதும் தோய்க்கலாம். மினுக்கிவிட்டு இளவைக்கோல் நிறம், அதாவது 230° அளவு, வரும்வரை மெல்லச் சூடாக்கி நிறுத்தினோம். உருண்டைத் தலைக்கு ரிவெட் விட்டத்தைப் போல 1.5 மடங்கு வெளியே நீட்ட வேண்டும்: 2.4 மி.மீ. ரிவெட்டுக்கு 3.6.

ஜிக்கிலும் கட்டையிலும் இப்போது அளவுகளை எண் அச்சால் குத்தியாயிற்று: அச்சு, பின், ஷிம், தகட்டுக் கனம். அடுத்து குழாய்த் தகட்டில் துளைகள், பிறகு பாய்லர் பற்றவைப்பு, வேலை அழுத்தத்தைப் போல இரு மடங்கில் தண்ணீர்ச் சோதனை.